முனியாண்டி இறுக்கச் சொன்ன பெல்ட்

முனியாண்டி சாமியை நம்பியிருக்கிற அக்கா தங்கச்சிமார், அண்ணன் தம்பிமார் எல்லாருக்கும் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து லெச்சுமி எழுதுகிறேன். என் மனசு இன்னும் ஆறவில்லை. ஆறாத மனசோடேயே எழுதுகிறேன்.

போன வருஷம் ஆடி மழையில் என் வீட்டுக்காரர் செல்வராஜுக்கு ஒரு கால் போனது. அவர் தோட்டத்தில் மெசினால் புல் வெட்டுகிறவர். மெசின் தகடு கல்லில் பட்டு உடைந்து, துண்டு முழங்காலுக்குக் கீழே பாய்ந்துவிட்டது. குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ரத்தம். கூட இருந்தவர்கள் தலைத்துண்டால் கட்டினார்கள். அவர் வலியில் கத்தவும் பாவம் பார்த்துத் தளர்த்தினார்கள். மறுபடி கட்டினார்கள், மறுபடி தளர்த்தினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

அதற்கென்றே எங்களிடம் ஒரு பெல்ட் இருந்தது. அதுதான் என் வயிற்றெரிச்சல். கட்டாரில் கட்டட வேலை செய்கிற என் தம்பி கொண்டுவந்தது. தொடையில் மாட்டிக்கொண்டே வேலை செய்யலாம். வெட்டுப்பட்டால் அதிலிருக்கிற திருகைத் திருக வேண்டும், பட்டி இறுகி ரத்தம் நிற்கும்.

"ரத்தம் நிக்கிற வரைக்கும் இறுக்கணும்க்கா. உசிரு போற மாதிரி வலிக்கும். ஆஸ்பத்திரி வரைக்கும் தளத்தவே கூடாது" என்று சொல்லி, எங்கள் இரண்டு பேருக்கும் கட்டிக் காட்டினான்.

அன்று காலை பேர் கூப்பிடுகிற பெரட்டில் கண்டாக்கு அதைப் பார்த்துவிட்டார். எங்கள் மலையில் வேலை வாங்குகிற அதிகாரி அவர்.

"என்னடா செல்வராஜ், காமன் கூத்துக்கு வேஷங் கட்டிட்டியா? சலங்கைய எங்க காணோம்?"

கூட்டம் சிரித்தது.

"இல்லைங்கய்யா, ரத்தம் வந்தா நிப்பாட்டுற பெல்ட்டு."

"வேலைக்கு எறங்குறதுக்கு முன்னமே ரத்தத்தப் பேசுறான் பாரு, அபசகுனம் புடிச்சவன். கழட்டி ஆணியில மாட்டிட்டுப் போ!"

மாட்டிவிட்டுப் போனார். போன காலோடு வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டி வந்த அன்றைக்கே, ஆணியில் தொங்கிய பெல்ட்டை எடுத்துக்கொண்டு மலைமேல் முனியாண்டி கல்லுக்குப் போனேன். "அப்பனே, அந்த ஆளு கால்லயும் ரத்தம் வரணும். அத நான் என் கண்ணால பாக்கணும். பாத்தா உனக்குச் சேவல் அறுக்குறேன்" என்று கேட்டேன். அழகான வேண்டுதல் இல்லைதான். மனசில் இருந்ததைத்தானே கேட்க முடியும்?

அன்றிலிருந்து பெல்ட் என் இடுப்பில்தான், கொழுந்து பறிக்கக் கட்டுகிற படங்குக்கு உள்ளே. "தாலிக்கு அடுத்தபடியா இதத்தாண்டி நீ கழட்ட மாட்டேங்குற" என்பார் அடுத்த வீட்டு மாரியக்கா.

தேயிலைச் செடிகளைக் கட்டையாக வெட்டிவிடுகிற கவ்வாத்து வந்தது. வெட்டிப்போட்ட மிலாறை விறகுக்குப் பொறுக்க நானும் மாரியக்காவும் போயிருந்தோம். ஒரு ஆள் வெட்டியது கண்டாக்குக்குப் பிடிக்கவில்லை.

"கத்திய இங்க குடு. சோறுதான திங்கிறீங்க? இப்புடி வெட்டணும்!"

ஓங்கி வெட்டினார். ஈரக் கட்டையில் வழுக்கிய கத்தி அவர் கெண்டைக்காலிலேயே இறங்கியது.

கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டான் முனியாண்டி. ரத்தம் பீய்ச்சி அடிக்கிறது. நான் நகராமல் நிற்கிறேன். பொய் சொல்ல மாட்டேன், குளிர்ந்துபோயிருந்தது மனசு.

அப்போது இடுப்பில் பெல்ட் உறுத்தியது. அது எப்போதும் உறுத்துவதுதான். ஆனால் அன்றைக்கு யாரோ விரலால் குத்திய மாதிரி இருந்தது. "செத்துப்போனா அவனுக்கு ஏதுடி வெக்கம்?" என்று உள்ளே ஒரு குரல். முனியாண்டி குரல்தான்.

ஓடிப்போய் முழங்காலுக்கு மேலே மாட்டித் திருகினேன்.

"ஐயோ, தங்கச்சி, மெதுவாம்மா!"

"என்னைக்குங்கய்யா நான் உங்களுக்குத் தங்கச்சியானேன்?" இன்னும் திருகினேன்.

மாரியக்கா என் கையைப் பிடித்தார். "அடியே, மனுசன் துடிக்கிறாருடி, கொஞ்சம் தளத்து!"

"தளத்துனா செத்துருவாரு. கைய எடுங்கக்கா."

என் கோபம் முழுவதும் அந்தத் திருகில் இறங்கியது. ரத்தம் நின்ற பிறகுதான் நிறுத்தினேன். டாக்டரிடம் சொல்லக் கட்டிய நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன். லொறியில் வழியெல்லாம் கெஞ்சினார். "என் வீட்டுக்காரரும் இப்புடித்தான் கெஞ்சுனாரு" என்று மட்டும் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பார்த்துவிட்டு, சொந்தக்காரியா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றேன். "அதுதான் நன்றாகக் கட்டியிருக்கிறாய். சொந்தக்காரர்கள் அழுகையைப் பார்த்துத் தளர்த்திவிடுவார்கள்" என்றார். கண்டாக்குக்கு உயிரும் மிஞ்சியது, காலும் மிஞ்சியது.

இப்போது கத்தி, மெசின் எடுக்கிற எல்லாருக்கும் தோட்டத்தை நடத்துகிற துரை பெல்ட் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதை மாட்டிவிட்டு அனுப்புகிற வேலை என் வீட்டுக்காரருக்கு. பெரட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கண்டாக்கு நொண்டிக்கொண்டு வந்து, "எல்லாருக்கும் மாட்டியாச்சாங்க செல்வராஜ்?" என்பார். டா போய்விட்டது.

"உங்களுக்குத்தாங்க பாக்கி. கால நீட்டுங்கய்யா."

நீட்டுவார். பின்னாலிருந்து யாராவது, "சலங்கைய எங்கங்கய்யா?" என்பார்கள். கூட்டம் சிரிக்கும். அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் தினமும் கொழுந்துக்குப் போகிறேன். கண்டாக்கு செத்திருந்தால் எனக்கு இது கிடைத்திருக்குமா?

சேவலை அறுத்துவிட்டேன். மன்னித்துவிட்டாயா என்று கேட்கிறார்கள். இல்லை. ஆனால் முன்பு தூக்கம் வராது, இப்போது வருகிறது. அப்பனுக்குக் கோடி நன்றி.

வயிறு எரிகிறவர்கள் எரிகிறபடியே அவனிடம் போங்கள். நல்ல வார்த்தை தேட வேண்டாம், கோபத்தையும் அவன் வாங்கிக்கொள்வான். அதை வைத்து என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியும். இறுக்க வேண்டிய இடத்தில் அவன் இறுக்குவான். நடுவழியில் நீங்கள் தளர்த்திவிடாதீர்கள்.