பேட்டரி கட்டர் வாங்கப் போன அத்தான்

நான் அறுத்த பலகையை என் அக்கா புருஷன் ஒருநாளும் அப்படியே எடுத்து வைத்ததில்லை. சேர்ந்து தச்சு வேலை பார்க்கத் தொடங்கியதிலிருந்து இதே கதைதான். நான் அளந்து அறுத்துக் கொடுத்தால் தன் டேப்பை எடுத்து மறுபடி அளப்பார், வீட்டுக்காரர்கள் முன்னாலேயே. "உன் டேப்புல கொக்கி ஆடுது மாப்ள" என்பார். டேப் நுனியில் இருக்கிற கொக்கி கொஞ்சம் ஆடத்தான் செய்யும், செய்தவன் அப்படித்தான் செய்திருக்கிறான். சொன்னால் கேட்கிற ஆளா?

எதையும் நம்பமாட்டார். பசை டப்பாவை முகர்ந்து பார்ப்பார். மழை பெய்கிறது என்று அக்கா சொன்னால் வெளியே கை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார்.

அவர் மேல் எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. கொஞ்ச நாளாகத் தான் அறுத்த துண்டுகளைச் சாக்கில் கட்டித் தானே தூக்கிப் போனார். மரத்தை வெளியே தள்ளுகிறாரோ என்று நினைத்தேன்.

அப்போது புது வீடு ஒன்றில் மாடிப்படி வேலை வந்தது. அங்கே கரண்ட் இல்லை. பேட்டரி கட்டர் வாங்க, எனக்குத் தெரிந்த கடைக்கு அழைத்துப் போனேன்.

"உனக்கு இங்க என்ன குடுக்கறான்?" என்று காதோரம் கேட்டார்.

"ஒரு டீ குடுப்பான், அத்தான்."

கடைக்காரர் ஒரு லேசான பலகையைச் சர்ரென்று அறுத்துக் காட்டினார். அத்தான் பையிலிருந்து பழைய கதவு நிலைத் துண்டு ஒன்றை எடுத்து வைத்தார். நடுவில் பெரிய கணு. "இத அறு பாப்போம். அந்த பேட்டரியும் வேணாம், அது ஊட்டி வளத்த புள்ள. வேற மிஷின்ல இருக்கறத கழட்டிப் போடு."

அதையும் கட்டர் அறுத்தது. பிறகு அத்தானே கோடு போட்டு அறுத்தார். கோட்டை விட்டு விலகியது.

"எனக்கு இடது கை. இதுல பிளேடு இடப்பக்கம் இருக்கு, மோட்டார் கோட்ட மறைக்குது."

நியாயம்தான். பிளேடு வலப்பக்கம் இருப்பதைக் கொடுத்தார்கள். அதுவும் விலகியது. கனம் என்றார். இருப்பதிலேயே சின்னதைக் கொடுத்தார்கள். அதுவும் விலகியது.

"அண்ணே, கடையில வேற கட்டர் இல்ல. இனிமே என்னத்தான் கட்டித் தரணும்" என்றார் கடைக்காரர்.

"நீங்க ரெண்டு பேரும் சேந்து ஏதோ பண்றீங்க."

எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சின்ன கட்டரைப் பிடுங்கி, அதே துண்டில் இன்னொரு கோடு போட்டு அறுத்தேன். இம்மி பிசகவில்லை. அத்தான் டேப்பை எடுப்பார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. மேசை மேலிருந்த தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் லேசாக நடுங்கின. நான் பார்ப்பது தெரிந்ததும் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

சாக்கில் போனது என்னவென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாம் கோணல் துண்டுகள். அந்தக் கையை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு தெரியாது.

சின்னதையே வாங்கினோம். அவர் வீட்டு வாசல் வந்ததும் அத்தான் நின்றார்.

"மாப்ள, இனிமே மிஷின நீ பிடி. நான் கோடு மட்டும் போடறேன். போட்ட கோட்டயும் அளந்து பாத்துட்டு அறு. உங்க அக்காவுக்குத் தெரிய வேணாம்."

"சரி அத்தான்."

உள்ளே போனவர் திரும்பி வந்து தன் டேப்பை என் கையில் திணித்தார்.

"இதுல அள. உன்னோடது கொக்கி ஆடுது."