நான் சுற்றிக் கொடுத்த பக்கம்

ஆறு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நெமிலிச்சேரி ரயில் நிலையத்தில் நடந்த சங்கதி இது. இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பு வரும்.

அப்போது நான் பட்டாபிராமில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கல்யாணமாகி, பெண் குழந்தை பெரிய வகுப்புக்குப் போன பிறகுதான் அஞ்சல் வழியில் பட்டம் முடித்தேன். முடித்த கையோடு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது, அரசு அதிகாரி வேலைக்கான குரூப் ஒன் தேர்வை எழுதிப் பார்த்தால் என்ன என்று. கோச்சிங் சென்டருக்குப் போக நேரமும் இல்லை, வசதியும் இல்லை. எனக்கு வாத்தியார் என்றால் கடைக்குத் தினமும் வரும் ஒரு தமிழ் நாளிதழ், அப்புறம் போனில் பார்க்கிற வீடியோக்கள், அவ்வளவுதான்.

காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு, கவுன்ட்டர் கண்ணாடிமேல் பேப்பரை விரித்து வைத்துக்கொள்வேன். ஒரு பத்தி படிப்பேன், ஒரு காய்ச்சல் மாத்திரை எடுத்துக் கொடுப்பேன். தலையங்கத்தில் பாதி போகும்போது ஒருவர் இருமல் மருந்து கேட்பார். விட்ட இடத்தில் விரலை வைத்துக்கொண்டே மருந்தை எடுக்கப் பழகிவிட்டேன். படித்ததை மறக்காமல் இருக்க ஒரு வழி வைத்திருந்தேன். வருகிறவர்களிடம் அதைச் சொல்லிவிடுவது. ஓர் ஆட்டோக்கார அண்ணன் பல்வலி மாத்திரைக்கு வரும்போதெல்லாம், "கலெக்டரம்மா, இன்னிக்கி ஒலகம் எப்படி கீது?" என்பார். ரிசர்வ் வங்கி வட்டியைப் பற்றி இரண்டு வரி சொல்வேன். "அப்போ எனுக்கு லோன் கெடைக்காதுன்னு சொல்ற" என்று முடித்துவிட்டுப் போவார். நான் மூன்று தடவை படித்தும் புரியாத விஷயம், அவருக்குச் சொல்லும்போது எனக்கே புரிந்துவிடும். எங்கள் கடை வாசலில் நின்று மக்கள் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதைக் கேட்பதற்கே சம்பளம் இல்லாமல் வேலை பார்க்கலாம் போலிருக்கும்.

பேப்பரை எப்படிப் படிக்க வேண்டும் என்று வீடியோவில் ஒருவர் பாடம் எடுப்பார். நடுப்பக்கம் படி, பொருளாதாரம் படி, அறிவியல் படி, அரசுத் திட்டம் எதையும் விடாதே. சினிமா வேண்டாம், கொலை கொள்ளை வேண்டாம், உள்ளூர்ப் பக்கம் வேண்டவே வேண்டாம், அதிலிருந்து ஒரு கேள்வியும் வராது என்பார். அவர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டேன். பேப்பர் வந்ததும் முதல் வேலையாக உள்ளூர்ப் பக்கத்தை உருவி, கவுன்ட்டருக்குக் கீழே இருக்கும் பழைய பேப்பர் அடுக்கில் போட்டுவிடுவேன். எங்கள் கடையில் அந்த அடுக்குக்கு ஒரு வேலை உண்டு. பெண்கள் நாப்கின் வாங்க வந்தால், பாக்கெட்டை ஒரு பேப்பரில் சுற்றி, அதையும் கறுப்புக் கவரில் போட்டுக் கொடுக்க வேண்டும். ஏன் இவ்வளவு மறைவு என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. ஆனால் சுற்றாமல் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். அப்படி எங்கள் வட்டாரச் செய்தியெல்லாம் நான் படிக்காமலேயே என் கையால் சுற்றப்பட்டு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்த வருடத் தேர்வு எனக்கு முக்கியமானது. குரூப் ஒன்னுக்கு வயது வரம்பு உண்டு. அந்த முறையோடு எனக்கு அது முடிகிறது. அதற்கு முன் எழுதியதில் கொஞ்சத்தில் தவறவிட்டிருந்தேன். வீட்டுக்காரர் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். "இந்த வாட்டி எழுதிடு, அப்புறம் யாரும் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்று அவர் பாணியில் தைரியம் சொன்னார். தேர்வு மையம் அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடம். ஒன்பது மணிக்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் உள்ளே விட மாட்டார்கள்.

அன்றைக்கு அவருக்கு விடிகாலையிலேயே வெளியூர் சவாரி. போனை உள்ளே விட மாட்டார்கள் என்பதால் வீட்டிலேயே வைத்துவிட்டேன். ஹால் டிக்கெட், ஆதார், கறுப்புப் பேனா இரண்டு, இவற்றை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்தேன். நடக்கும்போதே மனசுக்குள் ஒரு வாரச் செய்தியை ஓட்டிப் பார்த்தேன். எந்த நாட்டில் ஆட்சி மாறியது, எந்த ஏவுகணை எவ்வளவு தூரம் போகும், எல்லாம் வரிசையாக வந்தன. ரொம்பத் திருப்தியாக இருந்தது.

பிளாட்பாரத்தில் ஈ காக்கை இல்லை. ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் போல என்று உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, தண்டவாளத்து ஓரமாக மஞ்சள் சட்டை போட்ட ரயில்வே ஊழியர் ஒருவர் வந்தார்.

"இன்னா மேடம், யாருக்கு வெய்ட் பண்றீங்க?"

"ஆவடி பக்கம் போற ட்ரெய்னுக்கு."

"இன்னிக்கி மத்தியானம் வரைக்கும் லோக்கல் கெடையாது. வேல நடக்குது. பேப்பர்லயே போட்டாங்களே, பாக்கலியா?"

பேப்பரில் போட்டார்களாம். நாள் தவறாமல் பேப்பர் படிக்கிற என்னைப் பார்த்து அந்த மனிதர் கேட்கிறார். ஆனால் நின்று வருத்தப்பட நேரமில்லை. வெளியே ஓடி வந்து மெயின் ரோட்டைப் பிடித்தேன். ரயில் இல்லாததால் அத்தனை கூட்டமும் ரோட்டில் நின்றது. திருவள்ளூரிலிருந்து வந்த பஸ் நிற்காமலே போனது. ஷேர் ஆட்டோவில் டிரைவருக்கு இரண்டு பக்கமும் ஆள். ஒரு பால் வண்டியை மறித்துக் கேட்டேன், அவர் எதிர்ப்பக்கம் போகிறவர். சரி, யாராவது ஏற்றுகிற வரைக்கும் நடப்போம், நின்று தோற்பதற்கு நடந்து தோற்கலாம் என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டே நடந்தேன்.

பின்னாலிருந்து ஒரு ஸ்கூட்டி ஹாரன் அடித்தது. வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அக்கா. கடைக்கு அவ்வப்போது வருகிறவர். முகம் தெரியுமே தவிர, மருந்து பேரைத் தாண்டி நாங்கள் பேசியதில்லை. ஆனால் ஆட்டோக்கார அண்ணன் எனக்கு வைத்த பேர் கடைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும்.

"இன்னாம்மா கலெக்டர், காலங்காத்தால ரோட்ல ஓடிகினு கீறே?"

"அம்பத்தூர்ல பரீட்சைக்கா. ட்ரெய்ன் இல்லையாம்."

"அதான் பேப்பர்ல போட்ருந்தானே."

"நான் அந்தப் பக்கத்தப் படிக்க மாட்டேன்க்கா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "படிக்க மாட்டியா? நேத்து அதுலதானே எனக்குப் பாக்கெட்ட சுத்திக் குடுத்தே. ஊட்டுக்குப் போய்ப் பிரிச்சா, அதுல போட்டு கீது. இன்னிக்கி கோயில்ல நான் வாசகம் படிக்கணும். பழக்கத்துக்கு எந்தக் காயிதம் கெடச்சாலும் சத்தமா படிச்சிப் பாக்கறேன். 'தண்டவாளப் பராமரிப்புப் பணி காரணமாக'ன்னு நடு ஊட்ல நின்னு படிக்கறேன், எங்க ஊட்டுக்காரரு சிரிக்கறாரு. அதப் பாத்துட்டுதான் ட்ரெய்ன நம்பாம வண்டிய எடுத்துகினு வந்தேன்."

அவ்வளவு கலக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "ஏறு, குந்து" என்றார்.

வாசகம் என்றால் என்ன என்று வண்டியில் போகும்போதுதான் தெரிந்துகொண்டேன். சர்ச்சில் நடக்கும் பூசையில் வேதாகமத்திலிருந்து ஒரு பகுதியை மைக் முன்னால் நின்று எல்லோருக்கும் படிப்பது. ஆளுக்கொரு முறை வரும். அவருக்கு அன்றைக்குத்தான் முதல் முறை. ஆவடியில் அவர்களுடைய கோயில், எட்டரைக்குப் பூசை. அதில் வாயில் நுழையாத ஊர்ப் பெயர்கள் வருமாம். பட்டாபிராம் தாண்டி இந்துக் கல்லூரிப் பக்கம் வரும்வரை அந்தப் பெயர்களைக் காற்றில் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். நடுநடுவே, "இப்ப சரியா வந்துச்சா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அந்த ஊர்கள் எதுவும் தெரியாது. வந்துச்சுக்கா என்றேன்.

ஆவடி வந்ததும், "இங்கயே இறக்கி விட்டுடுங்கக்கா, பஸ் பிடிச்சுப் போய்க்கறேன்" என்றேன்.

"பஸ்ஸ பாத்தியா? படியில தொங்கறவன் சட்டையப் புடிச்சிகினு இன்னொருத்தன் தொங்கறான். சும்மா குந்து."

கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினார், இன்ஜினை நிறுத்தவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, கைப்பையிலிருந்த தாளை எடுத்து நீட்டினார்.

"முத வாசகம் நீ படிச்சிடுடி."

"நானா? நான் கண்ணாடியே எடுத்துகினு வர்லடி."

"யார்னா கண்ணாடிய வாங்கி மாட்டிக்கோ. ஊர் பேருங்க வரும்போது பயந்துடாத. தப்பா படிச்சாலும் தெம்பா படி, யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க."

"ஃபாதர் கேட்டா?"

"கலெக்டர எறக்கி வுடப் போயிருக்கான்னு சொல்லு."

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் இருந்த கோலத்தில் எந்தக் கலெக்டரும் இருக்க மாட்டார். வண்டி கிளம்பிவிட்டது.

எனக்கு மனசு கேட்கவில்லை. திருமுல்லைவாயில் சிக்னலில் நிற்கும்போது, "உங்க முறை போச்சேக்கா" என்றேன்.

"எனக்குச் சுத்தி திரும்ப வரும். உனுக்கு வருமா?"

"வராதுக்கா. வயசு முடியுது. இதான் கடைசி."

பச்சை விழுவதற்கு முன்பே அவர் ஆக்சிலேட்டரை முறுக்க ஆரம்பித்தார். அம்பத்தூர் வரும்வரை முன்னால் போன லாரிகளைத் திட்டிக்கொண்டே வந்தார். பூசைக்கென்று கட்டிய வெள்ளைச் சேலையில் லாரி இறைத்த சேறு பட்டிருந்தது. அதை அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூட வாசலில் பெண் போலீஸ் ஒருவர் கேட்டில் கை வைத்து நின்றிருந்தார். வண்டி நிற்பதற்குள் குதித்தேன். பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "கேள்வித்தாள முழுசா படிடி. எந்தப் பக்கத்தையும் தள்ளிடாத." கேட்டில் நின்ற போலீஸ்கூடச் சிரித்துவிட்டார். நான் உள்ளே போனதும் கேட்டை மூடினார்கள். எனக்குப் பின்னால் யாரும் வரவில்லை.

முதல் சில கேள்விகள் கண்ணில் ஓடினவே தவிர மண்டையில் ஏறவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது. பேனாவைக் கீழே வைத்தேன். இத்தனை தூரம் இன்னொருத்தர் கொண்டுவந்து விட்ட பிறகு, இங்கே உட்கார்ந்து பதறுவதற்கு எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. தண்ணீர் குடித்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். வழக்கமாக நீளமான கேள்வி என்றால் தாண்டிப் போவேன். அன்றைக்கு எதையும் தாண்டவில்லை.

மறுநாள் அவரே கடைக்கு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "நல்லா எழுதினியா?" என்றார். எழுதினேன் என்றேன். வாசகம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "மூணு ஊர் பேரப் படிக்காம தாண்டிப் போய்ட்டாளாம். ஜபம் நின்னுடுமா அதுக்கு?" என்று சொல்லிவிட்டு, ஒரு தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு போனார்.

முதல்நிலைத் தேர்வு முடிவில் என் எண் இருந்தது. முதன்மைத் தேர்வில் இல்லை. குரூப் ஒன் கதவு அத்தோடு சாத்திக்கொண்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டில் எல்லோரும் இனிப் போதும் என்றார்கள். ஆனால் குரூப் டூவுக்கு எங்கள் பிரிவில் வயது வரம்பு கிடையாது என்பது எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் காலை ஷட்டரைத் தூக்கி, பேப்பரை விரித்தேன். உள்ளூர்ப் பக்கத்தை உருவவில்லை. எந்தத் தெருவில் மின்தடை, எந்த வார்டில் குழாய் உடைந்தது என்று அதையும் படித்து, கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் நடுப்பக்கத்துக்குப் போவேன். நாப்கின் சுற்றுவதற்கு முந்தின வாரத்துப் பேப்பரை எடுத்துக்கொண்டேன். இரண்டு தடவை எழுதினேன். இரண்டாம் தடவை கிடைத்தது. இப்போது பூந்தமல்லிப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன்.

எங்கள் தெருவில் படிக்கிற பெண்கள் வந்து, கோச்சிங் போகாமல் தனியாகவே எப்படிப் படித்தீர்கள் என்று கேட்பார்கள். பேப்பர் படிப்பதைப் பற்றி, விடாமல் எழுதுவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்வேன். சொல்லி முடித்ததும், தனியாக என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் திருத்திவிடுவேன். ஏனென்றால் என் பிடிவாதம் என்னைக் கொண்டுவந்து விட்டது நெமிலிச்சேரி வரைக்கும்தான். அங்கிருந்து அம்பத்தூர் வரை நான் போனது, இன்னொருத்தி எனக்காக விட்டுக்கொடுத்த ஞாயிற்றுக்கிழமையின் பின்சீட்டில்.