ஆரணியில் நான் கோர்டெஸ் ஆன சனிக்கிழமை

பதினோரு நாட்களாக ஒரே பக்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். ஸ்பானியர்கள் அஸ்டெக் பேரரசைப் பிடித்த வரலாற்றைத் தமிழில் பெயர்த்துத் தருவதாக ஒரு பதிப்பகத்திடம் ஒப்புக்கொண்ட வேலை. கடல் தாண்டி வந்த கோர்டெஸை மன்னர் மொக்டெசுமா தன் நகரின் வாசலுக்கே வந்து வரவேற்கிறார். இது உங்கள் நகரம் என்கிற பொருளில் பேசுகிறார். கோர்டெஸோ, அரசையே ஒப்படைத்துவிட்டார் என்று தன் ராஜாவுக்கு எழுதிவிட்டான். எப்படி எழுதினாலும் மன்னர் அசடாகத் தெரிந்தார். எரிச்சலில் தாள்களை மூடி வைத்துவிட்டு, 2007 ஆடிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, பட்டுச்சேலை வாங்க ஆரணிக்குக் கிளம்பினேன்.

கோயம்பேட்டில் காலை 5.50 பேருந்து. காஞ்சிபுரம், செய்யாறு வழியாகச் சுமார் 135 கிலோமீட்டர், 46 ரூபாய். செய்யாற்றில் டீக்குப் பத்து நிமிடம் நிற்கும். வடையை நம்ப வேண்டாம். 9.40-க்கு ஆரணி. ஆட்டோ 20 ரூபாய்.

“கடைக்காம்மா, தறி வூட்டுக்கா?” என்றார் ஓட்டுநர்.

“தறி வீட்டுக்கே போங்க.”

“அவங்கல்லாம் முதலாளிக்கு நெய்றவங்க. விப்பாங்களான்னு தெரியாது. சும்மா பாத்துகினு வாங்க.”

பாதிதான் காதில் வாங்கினேன். அவர் இறக்கிவிட்ட வீட்டில் தேவகி என்ற அம்மா, முன்பின் தெரியாத எனக்கு நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். கணவர் தறியில் இருந்தார். அரக்குச் சிவப்பில் மாம்பழ மஞ்சள் கரை போட்ட சேலை, இன்னும் ஒரு முழம்தான் பாக்கி. எனக்கு நாக்கில் எச்சில் ஊறாத குறை.

“ரொம்ப நல்லா இருக்குங்க” என்றேன்.

“உங்க சேலதாங்க, எடுத்துக்கோங்க” என்றார் தேவகி.

விலை கேட்டேன். “உங்க கிட்ட இன்னாங்க வெல” என்று சிரித்தார். நாலாயிரத்து ஐநூறை நீட்டினேன். “இருக்கட்டுங்க, இருக்கட்டுங்க” என்றார். இருக்கட்டும் என்கிறாரே என்று ஜன்னல் மாடத்தில் வைத்துவிட்டு, ஐந்து மணிக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன். தறிச்சத்தம் நின்றது. என்னை வழியனுப்பத்தான் நிறுத்தினார் என்று நினைத்துக்கொண்டேன்.

யாருக்கு நெய்த சேலை என்று நான் கேட்கவே இல்லை. ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம் வைத்திருந்த அவர்கள் மகளுக்கு என்று பிறகுதான் தெரிந்தது. கதவோரம் நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்து நான் சிரித்துவிட்டு வேறு வந்தேன்.

சந்தவாசலுக்குப் பேருந்து 8 ரூபாய். அங்கிருந்து படவேட்டுக்கு ஷேர் ஆட்டோ 10 ரூபாய். 12.15-க்கு ரேணுகாம்பாள் சன்னிதி. முந்தைய நாள் ஆடி வெள்ளிக் கூட்டத்தின் குப்பையை இன்னும் கூட்டிக்கொண்டிருந்தார்கள். தரிசனம் பத்தே நிமிடம். மனசு நிறைந்து, மலையைப் பார்த்தபடி வாழைத்தோப்புப் பக்கம் நடந்தேன். மடை திருப்பிக்கொண்டிருந்தவரிடம் தோப்பு யாருடையது என்று கேட்டேன்.

“உங்குளுதுதாங்க” என்றார்.

“அப்படின்னா எடுத்துக்கவா?”

“தாராளமா. தண்ணியும் நீங்களே கட்டுங்க” என்று சிரித்தபடி ரெண்டு பழம் பறித்துக் கொடுத்தார்.

பழத்தை உரிக்கும்போதுதான் உறைத்தது. மொக்டெசுமா நாட்டைக் கொடுக்கவில்லை, வந்தவரை “வாங்க” என்று உபசரித்திருக்கிறார். பதினோரு நாள் முடிச்சு அவிழ்ந்த சந்தோஷத்தில் பாதிப் பழம் தின்றேன். அடுத்த வாய் வைக்கும் முன் தேவகி நினைவுக்கு வந்தார். உங்க சேலதாங்க என்றாரே, அது என்ன?

3.10 பேருந்து வரவில்லை. (சனிக்கிழமைகளில் நம்பாதீர்கள்.) 250 ரூபாய்க்குத் தனி ஆட்டோ பிடித்து 4.35-க்கு ஆரணி வந்தேன். சேலையைத் தறியிலிருந்து அறுத்து மடித்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு தயாராக வைத்திருந்தார் தேவகி. நான் வைத்த பணம் மாடத்தில் வைத்தபடியே இருந்தது.

“இது யாருக்குங்க நெய்தது?”

“உங்களுக்குத்தாங்க.”

இவரிடம் பதில் வராது என்று தறிக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “இது முதலாளி குடுத்த பாவு நூல் இல்லீங்க. பொண்ணு கல்யாணத்துக்கு நாங்களே பட்டு வாங்கிப் போட்டது. வூடு தேடி வந்தவங்க கேட்டுட்டாங்க, எப்பிடி இல்லன்றதுன்னு இவ சொல்லிட்டா.”

வெட்கமாக இருந்தது. மாடத்திலிருந்த பணத்தை எடுத்துக்கொண்டு, தாம்பாளத்தை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். அவள் சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு, “காலைலேர்ந்து அழுதுகினு இருந்தேங்க” என்றாள். “வாய மூடுடி” என்று அதட்டிய தேவகி, என் கையைப் பிடித்துச் சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்றார். இந்த முறை அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்காமல் உட்கார்ந்து சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் கொத்சு அபாரம்.

போகிறவர்களுக்கு: சேலை வேண்டுமென்றால் கடைக்குப் போங்கள், விலைச்சீட்டு இருக்கும். எனக்கும் அங்கேதான் 3,800-க்கு ஒரு பச்சை கிடைத்தது. தறி வீட்டுக்குப் போனால், விலைக்கு முன்னால் யாருக்கு என்று கேளுங்கள். வீட்டு ஆண்கள், பிள்ளைகள் முகத்தையும் பாருங்கள். படவேட்டையும் சேர்ப்பதானால் ஒரு நாள் சரியாக இருக்கும். திரும்ப மாலை 6.45-க்குச் சென்னைப் பேருந்து உண்டு.

திங்கட்கிழமை அந்தப் பக்கத்தை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். மன்னர் இப்போது அசடாகத் தெரியவில்லை, விருந்தாளியை வரவேற்கிற வீட்டுக்காரராகத்தான் தெரிகிறார். அன்றைக்கு அந்த நகரத்தில் கதவோரம் நின்று அழுதவர்களைப் பற்றி மட்டும் மூலத்தில் ஒரு வரிகூட இல்லை. மொழிபெயர்க்கிற நான் அதை என் பாட்டுக்குச் சேர்க்கவும் முடியாது.