அம்மாவுக்காக மூடியிருந்த சாடி

பிள்ளைகள், நேற்றுக் கடைக்காரர் மண்சாடியில் பழுத்த வைன் போத்தல் ஒன்றைத் திறந்தபோது, அந்த வாசத்தில் நான் அசையாமல் நின்றதைப் பார்த்து, "குடிக்காமலே அப்பாவுக்கு வெறி" என்று சிரித்தீர்கள்.

எண்பதுகளில் உங்கள் அப்பப்பா இங்கே ஷாஃப்ஹவுசன் நகருக்கு வெளியே ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்தார். அங்கே நிலவறையில் கழுத்துவரை புதைத்த மண்சாடிகளில் வெள்ளைத் திராட்சையைத் தோலோடும் கொட்டையோடும் புளிக்க விடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த ஈரத் தரையில் படுத்துக் காதை வைத்தால், அடியில் சோறு கொதிப்பதுபோல் மெல்லக் கேட்கும். உள்ளங்கையை வைத்தால் இளஞ்சூடு தெரியும். சத்தம் அடங்கியதும் என் அப்பா கல்மூடி வைத்துக் களிமண் பூசினார்.

"இனி எப்ப திறக்கிறது?"

"பனி போனாப் பிறகு. அதுக்குள்ள அம்மாவும் வந்திடுவா."

அம்மா அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தார்.

பனி போனது, அம்மா வரவில்லை. முதலாளி மற்றச் சாடிகளைத் திறந்துவிட்டு, ஓரத்துச் சின்னச் சாடியை மட்டும் தொடாமல் விட்டார். "அது அம்மா வந்தாப் பிறகாம்" என்று அப்பா சொன்னார்.

கோடையில் அம்மா வந்து பக்கத்தில் நிற்கத்தான் அதைத் திறந்தார்கள். குடிவாடையே பிடிக்காத அம்மா எட்டிப் பார்த்து, "வெறும் தேத்தண்ணி நிறம். இதுக்கோ இவ்வளவு காவல்?" என்றார். அப்பா சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார்.

அந்த இடம் இப்போது கார் நிறுத்துமிடம். இன்று காலை நீங்கள் பள்ளிக்கூடம் போன பின் அங்கே போய், இரண்டு கார்களுக்கு நடுவே குந்தி, தார்த்தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.