எதிராளியைப் பொறுப்பாளராக்கியவள்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பதினோரு வருஷம் படுக்கை விரிப்புகளைத் தேய்த்தவள் அவள். ஈரத்தரையில் வழுக்கிப் பின்மண்டையில் அடிபட்டதிலிருந்து, நேற்று நடந்தது இன்று நினைவில் நிற்பதில்லை. புருஷனும் இல்லை. இரண்டு பெண்களோடு அரசாங்க உதவித்தொகையில் வீடு ஓடியது. ஒரு மாதம், ஒரே வாரத்தில் மூன்று தடவை அரிசி வாங்கிவிட்டு வாடகையை மறந்தாள். அடுத்த மாதம் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் போனார்கள்.

நாத்தனாருக்கு அது போதும். உதவித்தொகை அலுவலகத்துக்கு மனுப் போட்டாள். இனிமேல் பணத்தை வாங்கிச் செலவு செய்ய ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும், நேரில் வரவும் என்று கடிதம் வந்தது.

"அண்ணி பாவம் மேடம், அவங்களுக்கு ஒண்ணும் தெரியல. நானே பாத்துக்கறேன்" என்று நாத்தனார் அதிகாரியம்மாவிடம் குழைந்தாள். புருஷன் செத்த வாரம் "பத்திரமா வெச்சுக்கறேன்" என்று இந்த நாத்தனார் தூக்கிக்கொண்டு போன தையல் மிஷின் இன்றுவரை வீடு திரும்பவில்லை. எல்லாம் மறந்தவளுக்கு அது மட்டும் மறக்கவில்லை.

"உங்க பக்கம் வேற யாராவது இருக்காங்களாம்மா?" என்றார் அதிகாரியம்மா.

"என் பக்கம் யாரும் இல்ல. எனக்கு எதிரா ஒருத்தி இருக்கா. அவளைப் போடுங்க."

கீழ்வீட்டுக் கண்டக்டரம்மாவைத்தான் சொன்னாள். மாடியில் காயும் துணி தன் வாசலில் சொட்டுகிறது என்று ஆறு வருஷமாகத் தெருவே கூடும்படி சண்டை போடுகிறவள்.

நாத்தனார் கொதித்தாள். "பாத்தீங்களா மேடம்? பைத்தியமேதான்!"

"அவ திட்டுறதை மூஞ்சிக்கு நேரா திட்டுவா. காலமெல்லாம் பஸ்ஸில அடுத்தவங்க காசைப் பையில போட்டுக்கிட்டு நின்னவ, ஒத்தப் பைசா கை வெச்சதில்ல. எனக்கு வர்ற தபால் தப்பி அவ வீட்டுக்குப் போனா, திட்டிக்கிட்டே மாடியேறி வந்து குடுத்துட்டுப் போவா."

அதிகாரியம்மா படிவத்தை நீட்டினார். வழியில் மறந்துவிடக் கூடாதே என்று அதை மடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு போய், நேராகக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"உன் வீட்டு உப்பு புளியெல்லாம் நான் பாக்கணுமா? எனக்கென்ன தலையெழுத்தா?" என்றாள் கண்டக்டரம்மா, விஷயத்தைக் கேட்டதும்.

"உங்களுக்கு என்னைப் பிடிக்காது. அதனாலதான் வந்தேன். பிரியமா பேசறவங்களைப் பாத்தாச்சு."

கண்டக்டரம்மா படிவத்தை இரண்டு பக்கமும் படித்தாள். "கத்துவேன்."

"இப்ப மட்டும் என்ன பண்றீங்க?"

முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

வாடகை நாள் தவறவில்லை. விளக்கு எரிந்தது. ஆனால் ஒரு துண்டு சோப்புக்கும் கீழே இறங்கிப் போய் நிற்க வேண்டியிருந்தது. அந்த நேரங்களில் அவளுக்குக் கண்டக்டரம்மாவைக் கடித்துக் குதறலாம் போலிருக்கும். ஒருநாள் கண்டக்டரம்மா மாடிக்கே வந்து, "போன வாரம்தானே சோப்பு குடுத்தேன், தின்னியா?" என்று பெண்கள் எதிரிலேயே கத்தினாள்.

அவள் எழுந்து நின்றாள். "என்னை என்ன வேணா கேளுங்க. பிள்ளைங்க முன்னாடி வேணாம்."

கண்டக்டரம்மா இறங்கிப்போனாள். மறுவாரம் வந்தபோது, "ரெண்டு பேரும் வெளிய போய் விளையாடுங்க" என்று பெண்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அப்புறம்தான் கத்த ஆரம்பித்தாள்.