கோணக்கால் சோபா

புது ரெக்சினுக்கு ஒரு வாடை உண்டு. வெயில் ஏற ஏற அதோடு வார்னிஷ் நெடியும் கலந்து, லப்பைக்குடிக்காட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் சோறு தின்னும்போதுகூடத் தொண்டையில் வந்து நின்றது. எண்பதுகளின் தொடக்கம், எனக்குப் பத்து வயது. அத்தா பிழைப்புக்காகத் துபாய்க்கு 'சபர்' போய் நான்கு வருடம் ஆகியிருந்தது.

அவர் அனுப்பிய ஒரு போட்டோவிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. தரையை ஒட்டினாற்போல் தாழ்ந்த, பழுப்பு மெத்தை போட்ட நீளமான சோபாவில், ஒரு கையைச் சாய்மானத்தின் மேல் நீட்டிப் போட்டுக்கொண்டு அத்தா உட்கார்ந்திருந்தார். சோபாவின் கால்கள் கீழே போகப்போக மெலிந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. முன்னால் மாங்கொட்டை வடிவில் ஒரு சின்ன மேசை, அதன்மேல் கழுத்து நீண்ட பச்சைக் கண்ணாடி ஜாடி. 'இங்கே வீடெல்லாம் இப்படித்தான்' என்று பின்பக்கம் எழுதியிருந்தார். அவர் தங்கியிருக்கும் இடமே அதுதான் என்று அம்மா எடுத்துக்கொண்டாள். இப்படி உட்கார்ந்து பழகிய மனுஷன் திரும்பி வந்து பாயில் எப்படி உட்காருவார் என்ற கவலை அவளைப் பிடித்துக்கொள்ள, கொல்லையில் நின்ற பூவரசை வெட்டிக் காயப்போட்டு, பெரம்பலூரிலிருந்து ஆசாரியை வரவழைத்துப் போட்டோவை அவர் கையில் கொடுத்தாள்.

"இந்தக் காலு நிக்காதுங்கம்மா, நேராவே வச்சுடறேன்" என்றார் ஆசாரி.

"படத்துல எப்படியோ அப்படியே வேணும்."

தெருவில் அதற்குக் 'கோணக்கால் சோபா' என்று பேர் விழுந்தது. எங்கள் யாரையும் அம்மா அதில் உட்காரவிடவில்லை. "அத்தா வந்து உட்காரட்டும் மொதல்ல" என்று சொல்லிப் பழைய புடவையால் மூடி வைத்தாள்.

அத்தா வந்தபோது இரண்டு பேர் அவரைக் காரிலிருந்து கைத்தாங்கலாக இறக்கினார்கள். இடுப்பில் அகலமான தோல் பட்டை. அம்மா அழுதுகொண்டே ஓடிப்போய்ப் புடவையை உருவினாள். அவர் நின்றபடியே சோபாவைப் பார்த்தார்.

"இத ஏன் செஞ்ச?"

"நீங்க அங்க இதுலதானே உட்கார்ந்திருந்தீங்க?"

"உட்காரல புள்ள. சுமந்தேன்" என்றார் அத்தா.

அவருக்கு வேலை ஒரு மரச்சாமான் கடையில். மாடி மாடியாகச் சோபாக்களைத் தூக்கிக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வர வேண்டும். வீட்டுக்காரர் வருவதற்குள் கூட்டாளி ஒருவன் விளையாட்டாக எடுத்த போட்டோ அது. அப்படி ஒரு சோபா படிக்கட்டில் நழுவி அவர்மேல் சரிந்ததில் முதுகெலும்பில் முறிவு விழுந்துவிட்டது. தாழ்வான எதிலும் குனிந்து உட்காரவே கூடாது என்று திருச்சி டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். பெஞ்சுப் பலகையில் மல்லாந்து படுத்தபடி அத்தா அந்தச் சோபாவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்த வருஷம் மைமூன் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். தகப்பன் படுக்கையில் கிடக்கிறான் என்று தெரிந்தால் இந்தச் சம்பந்தமும் நழுவிவிடும் என்று அத்தாவுக்குப் பயம். முன்பே இரண்டு நழுவியிருந்தன.

"என்னைத் தூக்கி அதுல உட்கார வைங்க" என்றார்.

"வேணாங்க, டாக்டர் என்ன சொன்னாரு!" என்று அம்மா கதறினாள். அக்கா ஓடிவந்து, "எனக்குக் கல்யாணமே வேணாம் அத்தா" என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் கேட்கவில்லை.

வந்தவர்களுக்கு எழுந்திருக்காமலே சலாம் சொன்னார். அதை வெளிநாட்டு மிடுக்கு என்று நினைத்தார்களோ என்னவோ, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கையைச் சாய்மானத்தின் மேல் நீட்டிப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார், சிரித்தார். சர்பத் கொடுக்கப் போன நான் மட்டும் அவருடைய இன்னொரு கையைப் பார்த்தேன்: துண்டுக்கு அடியில் ரெக்சினைப் பிடித்திருந்த பிடியில் நகம் இறங்கி, உள்ளே இருந்த பஞ்சு வெளியே வந்திருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்து, "நமக்குச் சம்மதம்" என்றார்.

அவர்கள் வண்டி தெரு திரும்பிய பிறகு அத்தாவை எழுப்பப் போனோம். முடியவில்லை. அண்டைவீட்டு ஆண்கள் நான்கு பேர் மெத்தையோடு சேர்த்துத் தூக்கிப் பலகையில் கிடத்தினார்கள். அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வே இல்லை. அக்காவின் நிக்காஹ் முடிந்து எட்டு மாதத்தில் மௌத்தாகிவிட்டார்.

இப்போது அந்த வீடு இல்லை, அம்மா இல்லை. சோபாவைக் கரையான் தின்று தீர்த்தது. அக்காவைப் பெரம்பலூரில் அவ்வப்போது போய்ப் பார்க்கிறேன். மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிக் கட்டிய பெரிய வீடு. போன மாதம் நான் அங்கே இருந்தபோது அவன், "ஹாலுக்கு ஒரு சோபா செட் வாங்கிப் போடட்டுமாம்மா?" என்று போனில் கேட்டான்.

"எடம் எங்கடா இருக்கு?" என்றாள் அக்கா. இருபது பேர் வரிசை கட்டித் தொழலாம், அந்த ஹால் அவ்வளவு காலியாகக் கிடந்தது.