ஷட்டருக்கு உள்ளே ஒரு டிரம்ஸ்

கார் பட்டறையில் நசுங்கிய கதவுகளைத் தட்டி நிமிர்த்துவது அவர் வேலை. எல்லோருக்கும் அவர் டிங்கர்தான். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். பகலெல்லாம் தகரத்தை அடித்தது போதாதென்று சாயங்காலம் டிரம்ஸும் அடித்தார்.

"பட்டறையில அடிச்சா சம்பளமாவது வருது."

"இதுல சந்தோஷம் வருதுடி."

வீட்டை ஒட்டிய ஷெட்டில் கார் நின்றதே இல்லை. அங்கேதான் அவரும், கிடார் வாசிக்கும் நெட்டையும், இன்னும் இரண்டு பேரும் ராக் குழு ஆரம்பித்தார்கள். பேர் வைப்பதில் சண்டை வந்து, கடைசிவரை பேரே வைக்கவில்லை.

அக்கம்பக்கத்தார் சத்தம் போட்டதும் ஷட்டரை இழுத்து மூடிக்கொண்டு வாசித்தார்கள். வெளியே போகாத சத்தமெல்லாம் டிங்கரின் காதுக்குள் போனது. அவருக்குக் குக்கர் விசில் கேட்கவில்லை என்று மனைவிதான் கண்டுபிடித்தாள். டாக்டர், "இப்படியே வாசிச்சா மிச்சமும் போயிடும்" என்றார்.

"குழுவுல யார்கிட்டயும் சொல்லிடாதே. கழட்டி விட்டுடுவாங்க" என்று மனைவியிடம் கெஞ்சினார்.

நெட்டை காலால் தாளம் போட்டுக்கொண்டே வாசிப்பான். டிங்கர் அந்தக் காலைப் பார்த்தே சமாளித்தார். அது நின்றால் இவரும் நிறுத்துவார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

முதல் கச்சேரி ஒரு கல்லூரி விழாவில். மேடைக்காரர்கள் பெரிய ஸ்பீக்கர் பெட்டியைக் கொண்டுவந்து நெட்டையின் காலை மறைத்து வைத்துவிட்டார்கள். நகர்த்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அப்படியே போய் உட்கார்ந்தார். பாட்டு முடிந்தது; டிங்கர் முடிக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் அடித்துக்கொண்டே இருந்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நெட்டை வந்து குச்சியைப் பிடுங்கினான்.

"திமிராடா? நீ மட்டும் பேர் வாங்கணுமா?"

முகத்துக்கு நேரே கத்தியதால் புரிந்தது. பரிதாபப்படுவதற்குத் திட்டுவது தேவலை என்று தோன்றியது.

"ஆமாம்" என்றார்.

அடுத்த ஞாயிறு நெட்டை தன் சாமான்களை எடுத்துப்போக ஷெட்டுக்கு வேனில் வந்தான். முதுகைக் காட்டியபடி ஒயரைச் சுருட்டிக்கொண்டே, "அன்னிக்கு அதிகமாப் பேசிட்டேன்டா. வேற ஆள் தேடல. வர்றியா?" என்றான்.

டிங்கர் டிரம்மைத் துடைத்துக்கொண்டிருந்தார். நெட்டை கொஞ்சம் காத்திருந்தான்.

"அவ்வளவுதானா? சரி" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

சமையலறைக் கதவருகே மனைவி நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது. கூப்பிட்டால் திரும்பி வந்துவிடுவான்; இவருக்கு மிச்சக் காதும் போய்விடும். வாய்வரை வந்ததை விழுங்கினாள்.

வேன் போனபிறகு டிங்கர் திரும்பினார். "போகும்போது ஏதாவது சொன்னானா?"

அவர் எதிரே வந்து நின்று, உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னாள்: "ஒண்ணும் சொல்லலைங்க."